மதகுக்காரி குடித்த தண்ணீர்

என் ஓரகத்தி எடைமேடையில் வேலை பார்ப்பவள். சரக்கு லாரிகள் வந்து இரும்புப் பலகையின்மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார்ந்து எடையைப் பார்த்து இவள் சீட்டு அடித்துக் கொடுப்பாள். கேட்பதற்கு உட்கார்ந்த இடத்து வேலை மாதிரித்தான் இருக்கும். ஆனால் லாரிக்காரர்கள் செய்யும் தில்லுமுல்லு கொஞ்சநஞ்சமல்ல. காலி வண்டியை எடை போடும்போது கீழே இறங்கி நின்று புகை பிடிக்கிற ஆள், சரக்கு வண்டியை எடை போடும்போது மட்டும் இருக்கைக்குப் பின்னால் போர்வைக்குள் சுருண்டு கிடப்பான். அவன் எடையும் சரக்கோடு சேர்ந்துவிடும். இவள் எழுந்துபோய் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். "உள்ள தூங்குறவரையும் இறக்கி விட்டுடுங்கண்ணே" என்பாள், அவ்வளவுதான். இறங்கும்வரை பொத்தானை அழுத்தமாட்டாள்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை ஏற்றப் போகும் வழியில் அவளை எடைமேடையில் இறக்கிவிட்டுப் போவேன். எனக்குப் பொறுமை கிடையாது, வாயும் நீளம். அவளுக்கு இரண்டும் நேர்மாறு. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பெண்கள் எலியும் பூனையுமாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் எல்லாரும் ஏமாந்துபோனார்கள். நானும் வந்த புதிதில் அவளோடு சண்டை போடப் பார்த்தேன். நடக்கவில்லை. நான் கத்துவதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ சொல்றதுல பாதி சரி" என்பாள். எந்தப் பாதி என்றும் சொல்லிவிடுவாள். அதற்குமேல் என்னத்தைச் சண்டை போடுவது.

அந்தப் புதிதில்தான் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்தவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஊருக்குப் போயிட்டு வந்துடறேன், அடுப்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவாள் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆள் வெளியே வரவே இல்லை. உள்ளேயிருந்து தட்டச்சுச் சத்தம்தான் கேட்டது. அவள் கணவர், எங்கள் வீட்டில் எல்லாரும் பெரியவர் என்று கூப்பிடுகிற என் மூத்தார், செய்தித்தாளுக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "அவ ஊரு கம்ப்யூட்டருக்குள்ள இருக்கும்மா. பஸ் வேண்டாம், டிக்கெட் வேண்டாம். எனக்கும் செலவு மிச்சம்."

அது எழுதியே விளையாடுகிற ஒரு விளையாட்டு. படம் கிடையாது, சத்தம் கிடையாது, சுடுவது வெட்டுவது எதுவும் கிடையாது. ஆற்றங்கரையில் ஒரு பழைய துறைமுக ஊர் என்று வைத்துக்கொண்டு, பல நாடுகளில் இருக்கிற இருநூறு பேர் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்த ஊரில் வாழ்கிறார்கள். பாத்திரத்தை அவர்கள் 'ஆள்' என்பார்கள். ஒருவர் ரொட்டி சுடுகிறவர், ஒருவர் மூட்டை தூக்குகிறவர், ஒருவர் வைத்தியர். தன் ஆள் என்ன செய்தான், என்ன சொன்னான் என்று ஒருவர் நாலு வரி எழுதுவார். பக்கத்தில் நிற்கும் ஆளுக்குரியவர் அதற்குப் பதிலாக நாலு வரி எழுதுவார். இப்படியே கதை வளரும். யாரும் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை, நிஜப் பெயரும் தெரியாது. ஆளின் தொழிலைச் சொல்லித்தான் ஆளுக்குரியவரையும் கூப்பிடுவார்கள். இந்த ஊரைக் கட்டி நடத்துகிறவருக்கு மேஸ்திரி என்று பெயர்.

என் ஓரகத்தியின் ஆள் ஒரு மதகுக்காரி. வாரத்துக்கு ஒரு நாள், விடிந்ததும் மதகைத் திறந்து படகுகளுக்கு வழிவிடுவது அவள் வேலை. போகும் வழியில் படித்துறையில் ஒரு கல்தொட்டி. அதில் இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டுத்தான் மதகுப் பக்கம் போவாள். பதினோரு வருஷமாக இதையே எழுதிக்கொண்டிருந்தாள், ஆனால் ஒரு தடவை எழுதிய மாதிரி இன்னொரு தடவை எழுதமாட்டாள். பல் கூசும் குளிரில் குடித்திருக்கிறாள். தொட்டியில் மிதந்த எறும்பை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்திருக்கிறாள். இதில் என்ன இருக்கிறது என்று கேலி செய்யத்தான் படிக்க ஆரம்பித்தேன். பிறகு வேனை ஓரம்கட்டி நிறுத்திவிட்டுப் படிக்கிற அளவுக்குப் பைத்தியமாகிவிட்டேன். நான் விளையாடுவதில்லை, படிப்பதோடு சரி.

மதகுக்காரியாக இருப்பதோடு அவள் அந்த ஊருக்கு நடுவராகவும் இருந்தாள். இருநூறு பேர் சேர்ந்து கதை எழுதினால் சண்டை வராமல் இருக்குமா. என் ஆளை நீ எப்படி அடித்து விழுத்தலாம், என் கடையை நீ எப்படிப் பூட்டலாம் என்று தினம் ஒரு பஞ்சாயத்து. விளையாட்டுக்கு வெளியே பேசிக்கொள்வதற்கென்று ஓர் அரட்டை அறை உண்டு. புகார் அங்கே வரும், தீர்ப்பும் அங்கேதான். அவள் தீர்ப்புகளுக்கெல்லாம் அடிப்படை இரண்டே விதிகள். அடுத்தவர் ஆளுக்கு என்ன ஆனது என்று நீ எழுதக்கூடாது என்பது ஒன்று. நான் குத்தினேன் என்று எழுதலாம். அவன் செத்தான் என்று எழுத உனக்கு உரிமை இல்லை, அதை அவன்தான் எழுத வேண்டும்.

இன்னொன்றுதான் கஷ்டமானது. அந்த ஊரில் மறைத்து எழுதுவதே கிடையாது. திருடன் திட்டம் போடுவதைக்கூட எல்லாரும் படிக்கலாம். ஆனால் படித்தது உனக்குத்தான் தெரியும், உன் ஆளுக்குத் தெரியாது. தெரியாதவனாகத்தான் அவனை நடத்த வேண்டும். ஒரு தடவை ரொட்டிக்காரர் வீட்டில் திருடப் போவதாகத் திருடன் எழுதினான். அதுவரை கதவைச் சாத்திக்கூடப் படுக்காத ரொட்டிக்காரர் மறுநாளே ஒரு பெரிய பூட்டு வாங்கினார். புகார் வந்தது. ரொட்டிக்காரர் என் ஓரகத்திக்கு அந்த ஊரிலேயே நெருங்கிய நண்பர். இவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "உங்களுக்குத் தெரியும், உங்கள் ஆளுக்குத் தெரியாது. பூட்டைக் கழற்றுங்கள்" என்று எழுதிவிட்டாள். ரொட்டிக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஊர்ப் பக்கமே வரவில்லை. பிறகு அவரே வந்து, திருடு கொடுத்தவனாக நடிப்பதுதான் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

ஊர்க்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு போட்டி வைப்பார்கள். யார் வேண்டுமானாலும், எழுத்தாலேயே ஆன ஒரு சின்ன விளையாட்டைச் செய்து அனுப்பலாம். அதற்கும் இவள் நடுவர்களில் ஒருத்தி. வந்த ஒவ்வொன்றையும் மூன்று விதமாக விளையாடிப் பார்ப்பாள். செய்தவர் விரும்புகிற மாதிரி ஒரு தடவை, வேண்டுமென்றே ஏறுக்குமாறாக ஒரு தடவை. மூன்றாவது தடவை ஒன்றுமே செய்யாமல் சும்மா நிற்பாள். "நாம சும்மா நின்னா அந்த உலகம் என்ன பண்ணுதுன்னு பார்க்கணும்டி. அங்கதான் செஞ்சவரோட மனசு தெரியும்" என்பாள். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது.

ஊரில் வைத்தியராக இருந்தவர் ஒரு வருஷம் ஒரு மாளிகைக் கதையைச் செய்து அனுப்பினார். பிரமாதமான எழுத்து, நானே படித்தேன். பரிசு தனக்குத்தான் என்று முன்கூட்டியே நாலு பேரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். இவள் தன் கருத்தை எழுதினாள். "எழுத்து அழகு. ஆனால் நான் சும்மா நின்றபோது சமையல்காரி கரண்டியைத் தூக்கியபடியே நின்றாள். காவல்காரன் விட்ட கொட்டாவியை முடிக்கவில்லை. இந்த மாளிகையில் யாருக்கும் சொந்தமாக ஒரு வேலை இல்லை, எல்லாரும் எனக்காகவே காத்திருக்கிறார்கள்." பத்துக்கு நான்கு போட்டிருந்தாள். வைத்தியருக்குப் பரிசு கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து மனிதர் கறுவ ஆரம்பித்தார். அரட்டை அறையில் தனக்கென்று ஒரு கூட்டம் சேர்த்தார். அவளிடம் எப்போதோ தோற்ற வழக்குக்காரர்கள் எல்லாம் அங்கே போய் ஒண்டிக்கொண்டார்கள். ஒரே ஆள் எத்தனை காலத்துக்கு நடுவராக இருப்பது, எடைமேடையில் சீட்டு அடிப்பவளுக்கு இலக்கியம் என்ன தெரியும் என்றெல்லாம் பேச்சு. எடைமேடை விஷயம் இவளே எப்போதோ சொன்னதுதான். எனக்கு ரத்தம் கொதித்தது. மேஸ்திரியிடம் போய் அவளை நீக்கச் சொன்னார்கள். மேஸ்திரி நல்லவர், ஆனால் முதுகெலும்பு கொஞ்சம் குறைச்சல். இவர்கள் சொல்வதும் நியாயம், நடுவர் செய்வதும் நியாயம் என்று வழவழா கொழகொழாவென்று ஒரு பக்கம் நிறைய எழுதி வைத்தார். ஆனால் நீக்கவில்லை.

நீக்க முடியாது என்று தெரிந்ததும் வைத்தியர் வேறு வழி கண்டுபிடித்தார். அதைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபமும் வரும், அடப்பாவி என்ன மூளை என்றும் தோன்றும். ஒரு திங்கட்கிழமை அவர் எழுதினார். வைத்தியர் இருட்டில் படித்துறைக்கு வந்தார். விஷப் பச்சிலைக் கஷாயம் ஒரு குடுவை நிறையக் கொண்டுவந்தார். கல்தொட்டித் தண்ணீரில் அதைக் கலந்தார். நிறம் இல்லை, மணம் இல்லை. இதன் வீரியம் ஒரு மாதத்துக்குக் குறையாது. யாரும் பார்க்கவில்லை.

இருநூறு பேரும் படித்துவிட்டார்கள். இருநூறு பேருக்கும் யாருக்காகக் கலந்தது என்று புரிந்துவிட்டது.

ஏனென்றால் அந்த ஊரில் நடுவர் பதவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. உயிரோடு ஓர் ஆள் ஊரில் இருப்பவர்தான் நடுவராக இருக்கலாம். ஆள் செத்துவிட்டால் புது ஆளோடு வரலாம், ஆனால் ஒரு வருஷம் ஊரில் வாழ்ந்த பிறகுதான் அந்த நாற்காலி. ஆக, மதகுக்காரி தொட்டியில் குடித்தால் செத்துப்போவாள், பதவியும் போகும். குடிக்காமல் ஒதுங்கினால், தனக்குத் தெரிந்ததைத் தன் ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஆவாள். அத்தனை வருஷம் மற்றவர்களுக்கு எந்த விதியைச் சொன்னாளோ அதையே மீறியவள் என்று பெயர் வரும். குடித்தாலும் போச்சு, குடிக்காவிட்டாலும் போச்சு.

முதல் புகார் ரொட்டிக்காரரிடமிருந்துதான் வந்தது. இது சதி, வைத்தியர் எழுதியதை ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டார். தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் இவளே. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ரத்து என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், கதை முடிந்தது. அவள் எழுதினாள். "வைத்தியர் தொட்டியில் கலந்தார். யார் வாயிலும் ஊற்றவில்லை. விதிமீறல் எதுவும் இல்லை."

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்டேன்.

"அவன் பண்ணினது தப்பில்லையே. எனக்குப் பிடிக்கல, அது வேற விஷயம்" என்றாள்.

அடுத்த மதகுத் திறப்பு ஞாயிற்றுக்கிழமை. வெவ்வேறு நாட்டுக்காரர்களும் வரவேண்டுமே என்று, மதகு திறக்கும் விடியற்காலையை எங்கள் ஞாயிறு சாயங்காலத்தில் வைத்திருந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் ஊர்க்காரர்கள் அடித்த கூத்தைப் பார்க்க வேண்டும். தினம் தொட்டியில் வாய் வைத்துக் குடிக்கிற மூட்டைக்காரருக்குத் திடீரென்று பல்வலி. மீன்காரிக்கு வீட்டிலிருந்தே குடுவையில் தண்ணீர் கொண்டுவரும் புதுப் பழக்கம். ஒருத்தர் தொட்டிப் பக்கமே வராமல் சந்து பொந்தெல்லாம் சுற்றிக்கொண்டு போனார். யாரும் யார்மேலும் புகார் சொல்லவில்லை. புகார் வராமல் நடுவர் வாய் திறப்பது வழக்கமில்லை, ஆகவே இவளும் பேசாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. பெரியவர்கூடச் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார். "ஒரு நாள் மதகுக்காரிக்கு உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டுடேன்" என்றார்.

"பதினோரு வருஷமா லீவே போடாதவ, தொட்டில விஷம்னதும் லீவு போடுவாளா?"

"காய்ச்சல் யாருக்கும் எப்ப வேணாலும் வரலாம்ல."

"வரலாம். எனக்கு ஏன் இப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியுமே" என்றாள். பெரியவர் மறுபடியும் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

ரொட்டிக்காரர் தனியாக ஒரு யோசனை எழுதி அனுப்பினார். தன் நாய் முதலில் தொட்டியில் குடித்துச் சாகட்டும், அதைப் பார்த்து மதகுக்காரி பிழைத்துக்கொள்ளட்டும். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இவள் பதில் எழுதினாள். "உங்கள் நாய் இத்தனை வருஷத்தில் என்றைக்காவது கடைவாசலை விட்டு எழுந்திருக்கிறதா?"

ஞாயிறு வந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, கட்டிலில் மடிக்காத துணி மலையாகக் கிடந்தது. நான் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். படித்துறையில் இருந்தவர்கள் யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. இருநூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள் என்பது எழுத்தே இல்லாத அந்தத் திரையிலேயே தெரிந்தது. அவள் ஒரு தடவை எழுந்து போய் உலையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அந்த ஆளை அவள் எவ்வளவு நேசித்தாள் என்று எனக்குத் தெரியும். முதல் பிள்ளை தங்காமல் போன வருஷம் அவளைத் தூக்கி நிறுத்தியது அந்த மதகுக்காரிதான் என்று பெரியவர் ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, வேண்டாம்க்கா" என்றேன்.

"நீ சொல்றது முழுக்க சரிடி" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

மதகுக்காரி படியிறங்கினாள். ராத்திரி மழையில் தொட்டி நிரம்பியிருந்தது. குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள். மழைத்தண்ணீர் கலந்திருந்ததால் அன்றைக்கு ருசி கூடுதல் என்று நினைத்தாள். இன்னொரு கை அள்ளிக் குடித்தாள்.

அந்த இரண்டாவது கையைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வைத்தியரின் விஷத்துக்கு ஒரு கை தண்ணீரே போதும். இவள் வழக்கமாக எத்தனை குடிப்பாளோ அத்தனை குடித்தாள். பிறகு மதகுக்குப் போனாள். சக்கரத்தைச் சுற்றும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், காலையில் தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள். மதகை முழுக்கத் திறந்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். கடைசிப் படகு போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு கண் மூடினாள். அதற்குமேல் அவள் எழுதவில்லை, விசைப்பலகையை மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எதற்காக அழுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. துக்கம் பாதிதான். மீதி, இப்படி ஒரு பெண்ணோடு ஒரே அடுப்பில் சமைக்கிறேனே என்ற பெருமை.

ஊரில் யாருக்கும் அவள் எப்படிச் செத்தாள் என்று தெரியாது, அதாவது அவர்கள் ஆட்களுக்குத் தெரியாது. வைத்தியர்தான் உடலைப் பார்த்தார். வயசாகிவிட்டது, இதயம் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். நடுவர் நாற்காலி காலியானது. மேஸ்திரி யார் வருகிறீர்கள் என்று கேட்டார். வைத்தியர் ஒருவர்தான் கை தூக்கினார். மதகுக்காரி இருந்த இடத்தில் உட்கார மற்றவர்களுக்கு மனம் வரவில்லை, நாற்காலி அவருக்குப் போனது. இவள் அரட்டை அறையில் அவருக்கு வாழ்த்து எழுதினாள். அதைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நடுவருக்குத் தீர்ப்புச் சொல்வதைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. புதிதாக ஊருக்கு வருகிற ஆளைப் படித்துறையில் நின்று வரவேற்க வேண்டும். புதியவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பொய் சொல்லக்கூடாது. புதிதாகச் சேர்ந்தவர்களை ஏய்த்துக் கதறவிட்டதால் ஒரு காலத்தில் பாதிப்பேர் ஓடிப்போனார்கள், அதற்காக மேஸ்திரி வைத்த ஏற்பாடு அது.

பத்து நாள் கழித்து என் ஓரகத்தி புது ஆளை எழுதினாள். உப்பு மூட்டை சுமந்து விற்கிற ஒருத்தி. இந்த ஊரில் யாரையும் தெரியாது, மதகுக்காரியின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. புது ஆட்களை எந்தப் படகில், எந்த நேரத்தில் இறக்குவது என்று முடிவு செய்பவர் மேஸ்திரி. உப்புக்காரியை அவர் ஒரு வெயில் நேரத்துப் படகில் இறக்கினார்.

அப்போது நான் பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு மணி அடிப்பதற்காகக் காத்திருந்தேன். கைப்பேசியில் வரி வரியாக வந்தது. உப்புக்காரி மூட்டையை இறக்கி வைத்தாள். தோள்பட்டையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். தொண்டை வறண்டிருந்தது. எதிரே கல்தொட்டி. பக்கத்தில் நின்ற வைத்தியரைப் பார்த்துக் கேட்டாள். "ஐயா, இது மனுஷங்க குடிக்கிற தண்ணியா, மாட்டுக்கு வச்சதா?"

படித்துறையில் மூட்டைக்காரர், மீன்காரி, ரொட்டிக்காரர் எல்லாரும் நின்றார்கள். வைத்தியர் தப்பிக்க வழியில்லாமல் இல்லை. மனுஷங்க குடிக்கிற தண்ணீர்தான் என்று சொன்னால் போதும், அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் குடிப்பாள், சாவாள், இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அந்த வழி இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

வைத்தியர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரையில் காட்டியது. பிறகு காட்டவில்லை. மறுபடியும் காட்டியது, மறுபடியும் நின்றது. மணி அடித்துப் பிள்ளைகள் கும்பலாக வந்து ஏறி, ஜன்னல் பக்கத்து இருக்கைக்கு அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். "ஒருத்தரும் பேசக்கூடாது, இங்க ஒரு ஆள் பதில் சொல்லணும்" என்று ஒரு அதட்டு அதட்டினேன். என்ன ஏதென்று தெரியாமலே வேன் முழுக்க அடங்கிவிட்டது.

பதில் வந்தது. வைத்தியர் தொட்டிக்கும் உப்புக்காரிக்கும் நடுவில் வந்து நின்றார். "மனுஷங்க குடிச்ச தண்ணிதாம்மா. இப்ப குடிக்காதே. இதுல விஷம் இருக்கு."

உப்புக்காரி கேட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இது இரண்டாவது கேள்வி. இதற்கு அவர் பொய் சொல்லலாம், எந்த விதியும் தடுக்காது.

"கலந்தது நான்தான்" என்று எழுதினார். "மதகு திறக்கிற ஒருத்தி குடிச்சா. நான் பார்த்துட்டு நின்னேன்."

இப்போது படித்துறையில் நின்ற ஆட்களுக்கும் தெரிந்துவிட்டது. அத்தனை நாளும் தெரியாத மாதிரி நடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுத ஆரம்பித்தார்கள். என்னால் படித்து முடிக்க முடியவில்லை. மூட்டைக்காரர் தொட்டியைக் கவிழ்த்தார். ரொட்டிக்காரர் வைத்தியரின் சட்டையைப் பிடித்தார். வைத்தியர் தடுக்கவில்லை, சுங்கச் சாவடி அறையில் அவரை அடைத்தார்கள். அன்று சாயங்காலமே அவர் நடுவர் பதவியை விட்டு விலகுவதாக அரட்டை அறையில் ஒரே வரி எழுதினார். இவள் அதற்குக் கீழே எழுதினாள். "இன்று நீங்கள் எழுதிய காட்சி இந்த ஊரில் நான் படித்ததிலேயே சிறந்தவற்றில் ஒன்று." அவர் எந்த நாட்டில் இருக்கிறார், என்ன வயசு, ஆணா பெண்ணா என்றுகூட எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஊரை விட்டு அவர் போகவில்லை. அறைக்குள் அடைபட்ட கைதியாக இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார், நன்றாகவும் எழுதுகிறார்.

மேஸ்திரி இவள் காலில் விழாத குறை. திரும்பி வாருங்கள், அந்த ஒரு வருஷ விதியைத் தளர்த்திவிடலாம் என்றார். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. வருஷம் முடியட்டும், அப்போது ஊர் கேட்டால் பார்க்கலாம் என்றுவிட்டாள். இப்போது வழக்கு வந்தால் மூன்று பேர் கூடிப் பேசித் தீர்ப்புச் சொல்கிறார்கள். அதில் ஒருவர் ரொட்டிக்காரர். அவருக்குச் சந்தேகம் வந்தால் உப்புக்காரியிடம் வந்து சுற்றி வளைத்து நூல் விட்டுப் பார்ப்பார். "நான் உப்பு விக்கிறவ சாமி, எனக்கென்ன தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. சந்தேகத்தை மனதிலேயே வைத்துக்கொள்ளும் ஜாதியில்லை நான். ஒரு நாள் எடைமேடை வாசலில் வேனை நிறுத்தியதும் கேட்டேவிட்டேன்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. அந்த ஆளை மாட்டி வைக்கத்தானே அப்படிக் கேட்டே?"

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கதவில் வைத்த கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் இறங்கியிருந்தா அந்தக் கேள்வியே வராதுடி. எனக்குத்தான் பதில் தெரியுமே. இறங்கினது உப்புக்காரி. தெரியாத ஊர்ல ஒரு தொட்டியைப் பார்த்தா வேற என்ன கேப்பா?"

"சரி, மனுஷங்க குடிக்கிற தண்ணிதான்னு மட்டும் அவர் சொல்லியிருந்தா?"

"குடிச்சிருப்பா."

"விளையாடாதே. பத்து நாள்ல ரெண்டாவது சாவா?"

"தாகத்தோட வந்தவகிட்ட தண்ணி இருக்குன்னு சொன்னா, குடிக்காம என்ன பண்ணுவா?" என்றாள். "எப்படிச் சாகிறான்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன். மூட்டையைத் தலைக்கு வச்சுப் படுத்துக்கிறா."

இறங்கிப் போய்விட்டாள். நான் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் எடுக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் வந்து நின்ற லாரியிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார். இந்தப் பக்கத்துக்குப் புதியவர் போலிருக்கிறது.

"ஏம்மா, இந்த மேடைல எடை சரியா இருக்குமா?" என்று கேட்டார்.

"உள்ள உட்கார்ந்திருக்கிறது என் ஓரகத்தி" என்றேன்.